கால்வாய்க்கரை மேய்ச்சல்

மே மாதம் பதினான்காம் தேதி காலை ஆறு மணிக்குப் பிரெடா கரைமேல் ஏறி நின்று தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தாள். எட்டு மணிக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. இருந்தாலும் மனம் ஒப்பாமல் பதினோரு மணிவரை நின்றாள். வெயில் முதுகில் ஏறியது. ஓர் ஆள்காட்டிக் குருவிகூடக் கண்ணில் படவில்லை. ஒரு கூப்பாடுகூடக் காதில் விழவில்லை.

கொண்டை வைத்த ஆள்காட்டிகள் அவை. ஈரப் புல்வெளியில், குட்டைப் புல் உள்ள இடமாகப் பார்த்து, வெறுந்தரையில் முட்டையிடும். மூன்று வருடத்துக்கு முன் பதினோரு ஜோடி இருந்தன. மறு வருடம் ஒன்பது. போன வருடம் நான்கு. இந்த வருடம் எழுத வேண்டிய எண்ணை எழுதாமல் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ட்ராவா ஆற்றை அணை போட்டுத் தடுத்து, தண்ணீரை எட்டு கிலோமீட்டர் கால்வாயில் கொண்டுபோய் மின்நிலையத்தில் விழவைக்கிறது மின்சார நிறுவனம். கால்வாய்க்கும் பழைய ஆற்றுக்கும் நடுவே கிடக்கிற நிலமெல்லாம் நிறுவனத்துடையது. கால்வாய் வெட்டிய காலத்தில் பொத்லோகா ஊர்க்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. மின்சாரத்துக்கு அந்த நிலத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அரசாங்கம் இரண்டு நிபந்தனை போட்டுவிட்டது. அங்கே பறவையும் விலங்கும் முன்போல வாழ வழிசெய்ய வேண்டும். ஜனங்கள் உள்ளே வந்துபோகப் பாதை விட வேண்டும். அதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டபோது, பதினெட்டு வருடம் கால்வாய்க்கரைப் புல்வெட்டும் குழுவை நடத்திய பிரெடாவை நியமித்தார்கள். அவளுக்கு அந்த நிலத்தின் ஒவ்வொரு பள்ளமும் தெரியும். தெரிந்தும் தப்பு செய்தாள்.

தப்பு இதுதான். தலைநகரிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர், மேய்ச்சலை நிறுத்தினால் நிலம் தானாகத் தேறும் என்று திட்டம் எழுதிக் கொடுத்தார். அந்த வசந்தத்தில்தான் பிரெடா ஒரு கூட்டில் நான்கு முட்டைகள் மாட்டுக் குளம்பில் நசுங்கிக் கிடந்ததைப் பார்த்திருந்தாள். அந்தப் படத்தை எடுத்து ஆலோசகருக்கு அனுப்பியதும் அவள்தான். நசுங்கியது ஒரு கூடு, பொரித்தது பத்துக் கூடு என்பது அப்போது அவள் கணக்கில் வரவில்லை. மேய்ச்சல் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மாடு போனதும் பொற்கோல் வந்தது. ஊரார் அப்படிச் சொல்லும் மஞ்சள் பூச்செடி. முதல் வருடம் அழகாக இருந்தது, படம்கூட எடுத்தார்கள். மூன்றாம் வருடம் ஆள் உயரத்துக்கு எழும்பி, புல்லை மூடி, பள்ளத்தை மூடி, நடைபாதையையும் மூடியது. ஞாயிற்றுக்கிழமை நடக்க வந்தவர்கள் உண்ணியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினார்கள். “ஆத்தைப் பாக்கலாம்னு போர்டு வச்சிருக்கீங்க. எந்தப் பக்கம் ஆறு?” என்று ஒருவர் தொலைபேசியில் கேட்டார். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை.

மரிபோர் நகரத்து அலுவலகத்தில் அவளுடைய மேலதிகாரி கொராஸ்த் நோட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“பூஜ்யமா?”

“பூஜ்யம்தான் சார்.”

“மார்ச்சுல வெள்ளம் வந்துச்சே. அதனால சரியா எண்ண முடியலன்னு போட்டுக்கலாமா? அக்டோபர்ல அறிக்கை குடுக்கணும்.”

“வெள்ளம் மூணு நாள்ல வடிஞ்சிடுச்சு. சரியாத்தான் எண்ணினேன். எண்ண எதுவும் இல்ல, அவ்வளவுதான்.”

கொராஸ்த் கெட்ட மனிதர் இல்லை. மூன்று அணைகளுக்குப் பொறுப்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் காகிதத்தோடு நிற்கிற வாழ்க்கை. கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

“சரி. என்ன பண்ணலாம்?”

“மாடு வேணும் சார்.”

“எந்த மாடு?”

“நாம வெளிய அனுப்பிச்ச மாடு.”

அவர் கோப்பைப் புரட்டிப் பழைய கடிதத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். “இதுல உங்க கையெழுத்து இருக்கு, பிரெடா.”

“தெரியும் சார். அதனாலதான் நானே வந்து சொல்றேன்.”

மாடு தில்காவுடையது. அதுதான் கஷ்டம்.

பொத்லோகா பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இருவரும். தில்காவின் அப்பாவுக்கு இருந்த நல்ல வயல் நான்கும் கால்வாய்க்குப் போயிற்று. பதிலுக்கு, நடுநிலத்தில் மேய்த்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் ஒரு ஒப்பந்தம் கொடுத்தது. அப்பாவுக்குப் பிறகு அது தில்காவுக்கு வந்தது. கணவன் ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்ட பிறகும் அவளைத் தாங்கியது அந்தப் பதினான்கு மாடுகள்தான். ஒப்பந்தம் போனதும் பதினொன்றை விற்றாள். இப்போது பட்டணத்துக் கோழிக்கறி ஆலையில், குளிர் அறையில் வேலை. மூன்று வருடமாகப் பிரெடாவைக் கடைத்தெருவில் பார்த்தால் அடுத்த பக்கம் போய்விடுவாள்.

ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் மாலை பிரெடா போனாள். தில்கா வேலை முடிந்து வந்து, நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல், முற்றத்து மேஜையில் அவரைக்கொட்டைமேல் பூசணிவிதை எண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“யாரு, கம்பெனியா?” என்றாள், தலை தூக்காமலே.

“நான்தான் தில்கா.”

“அதான் கேக்குறேன், கம்பெனியா பிரெடாவான்னு. கம்பெனின்னா கேட்டுக்கு வெளிய நிக்கட்டும். பிரெடான்னா உள்ள வந்து உக்காரட்டும்.”

பிரெடா கேட்டைத் திறந்தாள். உள்ளே வந்தாள். உட்காரவில்லை.

“மாட்டை மறுபடி ஓட்டிட்டு வருவியான்னு கேக்க வந்தேன்.”

தில்கா வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். “எந்த மாட்டை? மூணு இருக்கு கொட்டகையில. மிச்சத்தை லாரியில ஏத்தினப்போ நீ எங்கடி இருந்த?”

“வீட்லதான். ஜன்னல் வழியா பாத்துட்டு இருந்தேன்.”

“பாத்தியா. நல்லது.” ரொட்டியைக் கிழித்தாள். “உன் பறவையெல்லாம் சௌக்கியமா? என் மாடு மிதிச்சுச் சாகடிச்சிடும்னியே, இப்ப நிம்மதியா இருக்கா எல்லாம்?”

“ஒண்ணுகூட இல்ல தில்கா.”

தில்காவின் கை நின்றது. ஜெயித்துவிட்ட முகத்தை எதிர்பார்த்துத்தான் பிரெடா வந்திருந்தாள். அது வரவில்லை.

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட.”

“கிழக்குப் பள்ளத்துல? அங்க எப்பவும் மூணு கூடு இருக்குமே.”

“பொற்கோல் நிக்குது. என் தலைக்கு மேல.”

கொட்டகையில் ஒரு மாடு சங்கிலியை இழுத்தது. தில்கா தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

“மேய்ச்சல் போனதுகூட எனக்குப் பெருசில்ல. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் எவ்வளவு தூரம்? அறுநூறு அடி இருக்குமா? அந்த ரத்துக் கடிதத்தைப் பதிவுத் தபால்ல அனுப்பினடி நீ. கையெழுத்து வாங்க வந்த தபால்காரர் என் முகத்தைப் பாக்கல. அந்த மனுஷனுக்கே கூச்சமா இருந்துச்சு. உனக்கு இல்ல.”

“இருந்துச்சு. அதனாலதான் வரல.”

“அது இன்னும் மோசம்,” என்றாள் தில்கா. பிறகு, “தப்பு பண்ணிட்டோம்னு உன் கம்பெனி எழுதி அனுப்பட்டும். அதையும் பதிவுத் தபால்ல. அப்புறம் யோசிக்கலாம்.”

கொராஸ்த் இதைக் கேட்டுத் தொலைபேசியிலேயே பெருமூச்சு விட்டார். “மாறிய சூழ்நிலையை முன்னிட்டுன்னு எழுதலாம். அனுபவத்தின் அடிப்படையில்னு எழுதலாம். தப்புன்னு எழுதினா வக்கீல் என்னைத் தூக்கி வெளிய போட்டுடுவார்.”

பிரெடா வற்புறுத்தவில்லை. அன்று மதியம் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, நிறுவனத்தின் பெயர் போடாத வெள்ளைக் காகிதத்தில், தன் கையால் எழுதினாள். மூன்று முறை கிழித்துப் போட்டாள். நான்காவது இப்படி அமைந்தது: “தில்கா, நான் பார்த்தது ஒரு கூடு. எழுதியது எல்லாக் கூடும் போல. உன் மாடுகள்தான் அந்த நிலத்தைப் பறவைகளுக்காக வைத்திருந்தன. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நேரில் வந்து சொல்லத் தைரியமில்லாமல் தபாலில் அனுப்பியது அதைவிடப் பெரிய தப்பு. பிரெடா.”

தபால் நிலையத்தில் அதே தபால்காரர் உறையை வாங்கி, முகவரியைப் பார்த்து, அவளைப் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

பத்து நாள் பதில் இல்லை. அதற்குள் பொதுக்கூட்டம் வந்துவிட்டது. நிலத்தில் எதை மாற்றுவதென்றாலும் ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்பது உரிமத்தின் விதி. தீயணைப்புக் குழுவின் கூடத்தில் நாற்பது பேர்போல வந்தார்கள். கொராஸ்த்தும் வந்து மேடையில் உட்கார்ந்தார். வேலி எங்கே வரும், கதவு எங்கே வரும், நாயைக் கட்டிக் கூட்டிவர வேண்டுமா என்று கேள்வி எழுந்தது. தூண்டில்காரர்கள் சார்பில் லோய்ஸெ எழுந்தார். அறுபது வயது, தீயணைப்புக் குழுவிலும் மூத்த ஆள், எதற்கும் முதலில் இல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு யோசிக்கிறவர்.

“முப்பது வருஷமா அந்த வழியாத்தான் ஆத்துக்குப் போறேன். இப்ப நடுவுல மாடு நிக்கும்ங்கிற. நான் தூண்டில் போடுற இடத்துல வந்து நின்னா என்ன பண்றது?”

பின்வரிசையிலிருந்து தில்காவின் குரல் வந்தது. அவள் வந்திருப்பதே பிரெடாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. “உன் தூண்டில்ல மீன்தான் வர மாட்டேங்குது லோய்ஸெ. மாடாவது வரட்டுமே.”

கூடம் சிரித்தது. லோய்ஸெயும் மீசைக்குள் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். ஆனால் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் விடவில்லை. “துரத்தினதும் நீங்க, கூப்பிடறதும் நீங்க. மூணு வருஷம் கழிச்சு மறுபடி துரத்த மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?”

கொராஸ்த் ஒலிவாங்கியை எடுக்கப் போனார். பிரெடா முந்திக்கொண்டாள்.

“துரத்தினது கம்பெனி இல்ல, நான். நான் போட்டோ எடுத்தேன், நான் கையெழுத்துப் போட்டேன். தப்பாப் போச்சு. பதினோரு ஜோடி இருந்துச்சு, இப்ப எதுவும் இல்ல. வேற காரணம் சொல்ல என்கிட்ட இல்ல.”

கொராஸ்த் மேஜையையே பார்த்தார். பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. தில்கா எழுந்து நின்று, கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்காமலே பேசினாள்.

“மாட்டை அப்படியே விட்டா அந்தச் செடியைத் திங்காது. முத்திப்போனது கசக்கும். பூக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா வெட்டணும், ஆகஸ்டுல இன்னொருக்கா. ஈரமான இடத்துல பெரிய எந்திரத்தை இறக்கக் கூடாது, கையாலதான் வெட்டணும். துளிர் வந்தப்புறம் நான் மாட்டை விடறேன். என்னுது மூணு, என் சித்தப்பா மகனோடது ஆறு. ஒன்பதுக்கு மேல அந்த நிலம் இப்ப தாங்காது.” உட்காரப் போனவள் மறுபடி நிமிர்ந்தாள். “ஒப்பந்தம் பத்து வருஷத்துக்கு. அதுக்குக் குறைஞ்சா நான் வரல.”

கொராஸ்த் அதை எழுதிக்கொண்டார். பத்து என்ற எண்ணின் கீழ் கோடு போட்டதைப் பிரெடா பார்த்தாள்.

ஜூலையில் வெட்டினார்கள். மேட்டுப் பகுதியை நிறுவனத்தின் எந்திரம் வெட்டியது. பள்ளங்களைப் பிரெடாவின் பழைய குழு ஆட்கள் தோளில் தொங்கும் வெட்டும் கருவியோடு இறங்கி வெட்டினார்கள். பிரெடாவும் இறங்கினாள். ஐந்து வருடம் நாற்காலியில் இருந்த முதுகு இரண்டே நாளில் பதில் சொல்லியது. தில்கா ஆலை முடிந்து சாயங்காலம் வந்து கரையில் நின்று, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போவாள். கடிதத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை. ஆகஸ்டு கடைசியில், இரண்டாவது வெட்டும் முடிந்து துளிர் விட்டதும், ஒன்பது மாடுகளும் உள்ளே இறங்கின. வேலிக்குள் நடைபாதை போனது. பாதை நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் மரக் கதவு, கொக்கி போட்டு மூட வேண்டும்.

செப்டம்பர் மூன்றாவது ஞாயிறு. நல்ல வெயில். பட்டணத்திலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். பகல் ஒரு மணி இருக்கும். பிரெடா தகவல் பலகையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். கால்வாய்ப் பக்கமிருந்து யாரோ கத்துவது கேட்டது. ஓடினாள்.

கரையை ஒட்டிய மேல் கதவு விரியத் திறந்து கிடந்தது. தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒரு தம்பதி, கொக்கி மறுபடி மாட்ட வராமல், சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். காற்று திறந்துவிட்டது. மூன்று மாடுகள் கரைமேல் நின்றன. நான்காவது தண்ணீரில் இருந்தது.

அந்தக் கால்வாயைப் பற்றித் தெரிந்தவர்கள் அதன் ஓரத்தில் குழந்தையின் கையை விட மாட்டார்கள். இரண்டு பக்கமும் வழவழப்பான காங்கிரீட் சரிவு, பாசி படிந்தது. விழுந்தது மானோ மனிதனோ, தானாக ஏற முடியாது. தண்ணீர் அமைதியாகத்தான் தெரியும், ஆனால் இழுத்துக்கொண்டே போகும். கடைசியில் மின்நிலையத்தின் இரும்புக் கம்பித் தடுப்பு.

தில்காவின் சிவ்காதான் அது. சாம்பல் நிறப் பசு, மந்தையில் மூத்தது. மூக்கை மேலே தூக்கி நீந்திக்கொண்டிருந்தது. சரிவில் முன்கால் வைக்கும், வழுக்கும், மறுபடி நீரோட்டம் இழுக்கும். ஒவ்வொரு தடவையும் பத்தடி கீழே போயிருக்கும்.

பிரெடா கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். பணியில் இருந்தவன் மித்யா.

“மித்யா, பிரெடா பேசறேன். மூணாவது கிலோமீட்டர்ல மாடு விழுந்திருக்கு. தண்ணியை நிறுத்து.”

“மாடா? அக்கா, ரெண்டு எந்திரமும் முழுசா ஓடிட்டு இருக்கு. மேலிடத்துல கேக்காம நான் எப்படி நிறுத்தறது?”

“கேட்டுட்டு இருந்தா அது கம்பியில போய் மாட்டும். என் பேரைப் போட்டு எழுதிக்க. நான் சொன்னேன்னு எழுதிக்க.”

மறுமுனையில் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “நிறுத்தினா அணையில தண்ணி ஏறும். அணை ஏரி அரை மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல பழைய ஆத்துல திறந்துதான் ஆகணும். அங்க ஆளுங்க நிப்பாங்க, தெரியும்ல?”

“அரை மணி குடு.”

அதற்குள் தில்கா வந்துவிட்டாள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சைக்கிளைக் கரையில் போட்டுவிட்டு, செருப்பில்லாமல், மாட்டோடு கரைமேல் இணையாக ஓடினாள். “சிவ்கா, இங்க பாரு, இங்க பாரும்மா, என்னைப் பாரு.” அழவில்லை, கத்தவில்லை. கொட்டகையில் பால் கறக்கும்போது பேசுகிற குரல். மாடு அந்தக் குரலின் பக்கமே மூக்கை வைத்துக்கொண்டது. எதிர்க்கரைக்குப் போகாமல் இந்தக் கரையை ஒட்டியே இருந்தது அதனால்தான்.

தண்ணீரின் வேகம் மெல்லக் குறைந்தது. மேலே மிதந்து போன இலைகள் தயங்கி, நின்றன. யாரோ கூப்பிட்ட தீயணைப்பு வண்டி வரப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. அதிலிருந்து இறங்கிய முதல் ஆள் லோய்ஸெ. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே வந்திருந்தார், நீள ரப்பர் காலணியோடு. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, நான்கு பேர் பிடிக்க, பாசிச் சரிவில் மல்லாந்து வழுக்கி இறங்கினார்.

முதல் தடவை, மாட்டைக் கட்டி இழுக்கக் கொண்டுவந்த பட்டை அதன் முன்னங்காலுக்குப் பின்னே போகவில்லை. இரண்டாம் தடவை மாடு தலையை ஆட்டி அவரைத் தண்ணீருக்குள் தள்ளியது. மேலே வந்து துப்பினார்.

“தில்கா, உன் மாட்டுக்கிட்ட சொல்லு, நான் உதவிக்குத்தான் வந்திருக்கேன்னு.”

“நீ பேசாம இரு, அதுக்கு உன் குரல் புடிக்கல,” என்றாள் தில்கா, சரிவில் படுத்துக் கையை நீட்டியபடி. பிரெடா அவள் கணுக்கால்களைப் பிடித்திருந்தாள்.

மூன்றாம் தடவை பட்டை சரியாக அமைந்தது. பிரெடாவின் போன் அடித்தது. “அக்கா, முப்பது நிமிஷம் ஆச்சு,” என்றான் மித்யா. “இன்னும் கொஞ்சம்,” என்றாள். அவன் வைக்கவில்லை, மறுமுனையில் அவன் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. கரைமேல் கொண்டுவந்து நிறுத்தியிருந்த டிராக்டர் அங்குலம் அங்குலமாக இழுத்தது. சிவ்கா பக்கவாட்டில் சாய்ந்து, காங்கிரீட்டில் உரசிக்கொண்டு மேலே வந்து, புல்லில் கால் பரப்பி விழுந்தது. முப்பத்தாறு நிமிடம்.

“மேல வந்துடுச்சு மித்யா.”

“உயிரோடயா?”

மாடு எழுந்து நின்றது. கால்கள் நடுங்கின, விலாவில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்தது. பிறகு குனிந்து ஒரு வாய் புல்லைக் கடித்தது.

“சாப்பிடுது,” என்றாள் பிரெடா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

தள்ளுவண்டித் தம்பதி கரையில் வெளிறிப்போய் நின்றிருந்தார்கள். அந்தப் பெண் தில்காவிடம் வந்து மன்னிப்புக் கேட்டாள். தில்கா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “குழந்தை வெயில்ல இருக்கு, முதல்ல நிழலுக்குக் கொண்டுபோ,” என்றாள். அன்று சாயங்காலமே ஒன்பது மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிரெடா பின்னாலேயே போய்க் கெஞ்சவில்லை. மறுநாள் அலுவலகத்தில் மித்யாவுக்குப் பதிலாக அவள் விளக்கம் எழுதிக் கொடுத்தாள். கொராஸ்த் அதைப் படித்தார். அரை மணி மின்சாரம் போனதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. “தள்ளுவண்டிக்காரங்க மேல தப்பு சொல்ல முடியாது. ஒரு கையில குழந்தையை வச்சுக்கிட்டு அந்தக் கொக்கியை மாட்டிப் பாருங்க,” என்றாள் பிரெடா. தச்சரைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவுகளைப் பிடுங்கி, தன் கனத்திலேயே சாத்திக்கொள்கிற கதவாக மாற்றினாள். தள்ளுவண்டி நுழையும், மாடு நுழையாது. கால்வாய்ப் பக்கம் இரண்டாவது வேலி. சரிவில் நானூறு அடிக்கு ஒன்றாக, விழுந்த பிராணி கால் வைத்து ஏறும்படி சொரசொரப்பான படிக்கட்டுப் பாதை. அதற்கு மட்டும் கொராஸ்த் மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது. எழுதினார்.

பன்னிரண்டாம் நாள் தில்கா வந்தாள். புதிய கதவைத் தள்ளினாள், விட்டாள், அது சாத்திக்கொண்டது. மறுபடி தள்ளினாள், விட்டாள். இப்படி ஆறு தடவை. முழங்காலால் தள்ளிப் பார்த்தாள். பின்பக்கம் திரும்பி இடுப்பால் இடித்துப் பார்த்தாள்.

“என்னடி பண்ற?” என்றாள் பிரெடா.

“சிவ்கா இப்படித்தான் இடிப்பா,” என்றாள் தில்கா. “நாளைக்கு ஓட்டிட்டு வரேன். அந்தக் கடிதம் வந்துச்சு.”

“தெரியும். கையெழுத்து ரசீது எனக்கு வந்துச்சே.”

“எழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரியேதான் இருக்கு உனக்கு.”

குளிர்காலம் போயிற்று. மார்ச்சில் பனி உருகியபோது கிழக்குப் பள்ளத்தில் கடித்த புல்லும் குளம்புத் தடமும் தேங்கிய நீருமாக இருந்தது. இருபத்திரண்டாம் தேதி இரண்டு ஜோடி ஆள்காட்டிகள் இறங்கின. முதலில் பார்த்தது பிரெடா இல்லை, லோய்ஸெ. தூண்டிலைப் போட்டுவிட்டுப் போன் செய்து, “உன் ஆளுங்க வந்துட்டாங்க, சத்தம் தாங்கல, மீனெல்லாம் ஓடுது,” என்றார்.

இரண்டு கூடு. ஒன்று மேட்டில், ஒன்று பழைய ஆற்றை ஒட்டிய தாழ்வில். தாழ்வில் இருந்த ஜோடி பிந்தித்தான் முட்டையிட்டது. தில்கா அதைச் சுற்றி மாடு போகாமல் ஒற்றைக் கம்பி இழுத்தாள். ஆலையில் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டிருந்தாள்.

மே கடைசியில் மலைகளில் பனி ஒரே வாரத்தில் உருகியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்தது. பிரெடாவுக்கு அல்ல, நேராகத் தில்காவுக்கு.

“அக்கா, மித்யா பேசறேன். நாளைக் காலையில பழைய ஆத்துல திறக்கணும். உங்க மாட்டை மேட்டுக்கு ஏத்திடுங்க.”

“எவ்வளவு திறப்ப?”

“நிறைய. ஆனா ஒரேயடியாத் திறக்கல, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறேன். பிரெடா அக்கா ஏற்கனவே சண்டை போட்டுட்டாங்க.”

அன்று பாதையில் முப்பது பேராவது நடந்துகொண்டிருந்தார்கள். தில்கா அவர்களை வேலைக்கு வைத்துக்கொண்டாள். “நீங்க அந்த இடைவெளியில நில்லுங்க. கையை விரிச்சு வைங்க. ஓடாதீங்க. ஐயா, உங்க நாயைத் தூக்கிக்கோங்க. இல்ல, தூக்கணும்.” பட்டணத்து ஜனங்கள் கைகளை விரித்துக்கொண்டு புல்லில் நின்றார்கள். ஒன்பது மாடுகளும் அவர்களைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே, நடுவே வரிசையாக மேட்டுக்கு ஏறிப் போயின.

தாழ்வில் இருந்த கூட்டை ஒன்றும் செய்ய முடியவில்லை. தண்ணீர் மெதுவாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. மேட்டுக் கூட்டின் மூன்று குஞ்சுகளும் ஒரு வாரம் முன்பே பொரித்துவிட்டதால் மாடுகளின் காலடியிலேயே ஓடித் திரிந்து பிழைத்தன. கூட்டை இழந்த ஜோடி இரண்டு நாள் தண்ணீருக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. தில்கா அந்த இரண்டு நாளும் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு வேலை செய்தாள்.

அறிக்கை கைக்கு வந்ததும் கொராஸ்த் போனில் பேசினார்.

“ரெண்டு ஜோடி, மூணு குஞ்சு. நல்ல செய்திதான். அந்த அடிச்சுட்டுப் போன கூட்டைப் போட்டே ஆகணுமா?”

“போட்டுட்டேன் சார். எத்தனை மணிக்கு எவ்வளவு திறந்தாங்கன்னு மித்யா குடுத்ததையும் சேத்திருக்கேன். அடுத்த வருஷம் இன்னும் மெதுவாத் திறக்கலாமான்னு பாக்கணும்ல.”

“சரி, இருக்கட்டும்.” கொஞ்சம் தயங்கினார். “ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். வேலை விஷயமா இல்ல, சும்மா நடக்க.”

“வாங்க சார். எனக்கு அன்னிக்கு லீவு, நான் இருக்க மாட்டேன். தில்கா இருப்பா.” பிரெடா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தூரத்தில் யாரையோ வேலியிலிருந்து நகரச் சொல்லித் தில்காவின் கை ஆடிக்கொண்டிருந்தது. “அவ நிக்கச் சொல்ற இடத்துல நில்லுங்க. அது போதும்.”